பல்கலைக்கழகத்தின் ஓராண்டு: பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய திகதிகள்

உங்கள் வீட்டுக் கூடத்திலே ஒரு கலண்டர் தொங்கிக்கொண்டிருக்கும். ஆங்கிலத் திகதிக்குக் கீழே ஹிஜ்ரித் திகதி சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். நோன்பின் தலைப்பிறை, இரு பெருநாட்கள், போயா தினங்கள், உறவினர் வீட்டுக் கலியாணம், சீட்டுக்காசு கட்டும் நாள் என்று குடும்பத்தின் காரியங்கள் யாவும் அந்தக் கலண்டரைப் பார்த்தே நடைபெறுகின்றன. ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் சென்றிருந்தால், அப்பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பல திகதிகள் அதிலே குறிக்கப்பட்டிருப்பதில்லை. அவை பிள்ளைக்கு மட்டுமே தெரிந்தவை. சில வேளைகளில் பிள்ளைக்கும் தெரியாதவை.

உயர்தரப் பரீட்சை பற்றி நம் பெற்றோர் நன்கு அறிவர். எந்த ஆசிரியரின் வகுப்பு நல்லது, இசட் புள்ளி எவ்வளவு எடுக்க வேண்டும், சென்ற வருடம் நம் மாவட்டத்துக்கு மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி என்ன என்பதெல்லாம் தேநீர்க் கடையிலும் பேசப்படுகின்றன. பதின்மூன்று வருடங்கள் பாடுபட்டுப் பிள்ளையைப் பல்கலைக்கழக வாசலில் கொண்டுபோய் விட்ட பின்னரோ, "இனிப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்" என்று கையைக் கழுவி விடுகிறோம். திறமையிலே குறைவில்லாத பிள்ளை ஒரு திகதியைத் தவறவிட்டதால் பின்தங்க நேரிடுமென்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நேரத்தின் அருமையை நமக்கு வேறு யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. ஐவேளைத் தொழுகைக்கு நேரம் குறித்த மார்க்கம் நம்முடையது. நோன்புக்கு ஒரு மாதம், ஹஜ்ஜுக்குக் குறித்த நாட்கள், ஸகாத்துக்கு ஓராண்டுக் கணக்கு என்று வணக்கங்களையே காலத்தோடு பிணைத்த மார்க்கம் இது. காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஓர் அத்தியாயம் அல்குர்ஆனில் உண்டு. அப்படிப்பட்ட சமூகம் பல்கலைக்கழகத்தின் ஓராண்டு எப்படி ஓடுகிறது என்பதை அறிந்து வைத்திருப்பது அவசியமல்லவா?

ஆண்டு எப்போது தொடங்குகிறது?

இலங்கையின் உயர்கல்வி 1921 ஆம் ஆண்டு கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக மலர்ந்து, 1952 ஒக்டோபரில் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. கல்வியாண்டு மூன்று தவணைகளாக நடப்பதே அன்றைய வழக்கமாக இருந்தது. அது ஆங்கிலேயப் பல்கலைக்கழகங்களிடமிருந்து வந்த முறை.

இன்றைக்கு அந்த ஒழுங்கு இல்லை. தவணைகளின் இடத்தை அரையாண்டுகள், அதாவது செமஸ்டர்கள், பிடித்துக்கொண்டன. எந்த மாதத்தில் கல்வியாண்டு தொடங்கும் என்பதும் நிலையாக இல்லை. ஒரே பல்கலைக்கழகத்திலேயே மருத்துவ பீடம் ஒரு மாதத்திலும் கலைப் பீடம் இன்னொரு மாதத்திலும் தொடங்குவதுண்டு. ஆகவே, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறை விட்டாயிற்று, உனக்கு இன்னும் விடவில்லையா?" என்று கேட்பதிலே பயனில்லை. பீடத்துக்குப் பீடம் கணக்கு வேறு.

பெற்றோரைக் குழப்பும் இன்னொரு விடயமும் உண்டு. கல்வியாண்டின் பெயரும் நாட்காட்டியின் ஆண்டும் ஒத்துப்போவதில்லை. காரணம், உயர்தரப் பரீட்சையே தன் இடத்தை விட்டு நகர்ந்துபோனதுதான். நெடுங்காலம் ஓகஸ்ட் மாதத்தில் நடந்து வந்த அப்பரீட்சை, கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 இல் ஒக்டோபருக்குப் போனது. 2021 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2022 க்குரியது 2023 ஜனவரியிலும், 2023 க்குரியது 2024 ஜனவரியிலும் தொடங்கின. 2024 க்குரியது அந்த ஆண்டின் நவம்பரிலேயே தொடங்கினாலும் வெள்ளத்தினால் சில நாட்கள் இடைநிறுத்தப்பட்டது. பரீட்சை பிந்தினால் பெறுபேறு பிந்தும். பெறுபேறு பிந்தினால் அனுமதி பிந்தும். பிள்ளை இரண்டு பெருநாட்களை வீட்டிலே கழித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போவதற்கு இதுவே காரணமாகும்.

வாசலுக்கு வருமுன்

பல்கலைக்கழகத்தின் முதல் திகதி, பல்கலைக்கழகத்தில் காலடி வைக்குமுன்பே வந்துவிடுகிறது.

உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் வீட்டிலே மகிழ்ச்சியோ கவலையோ நிறைந்திருக்கும். அந்த அமளியிலே தவறிப்போகக்கூடிய திகதிகள் மூன்று. முதலாவது, விடைத்தாளின் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் கடைசித் திகதி. வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் நிற்கும் பிள்ளைக்கு இது பெரிய விடயம்.

இரண்டாவது, உளச்சார்புப் பரீட்சைகளுக்கும் செயன்முறைப் பரீட்சைகளுக்கும் விண்ணப்பிக்கும் திகதி. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. அப்பல்கலைக்கழகம் நடத்தும் பரீட்சையிலும் தேற வேண்டும். சங்கீதம், நடனம், காண்பியக் கலை போன்ற துறைகளுக்கும் இவ்வாறே. இதற்கான அறிவித்தல் தனியாக வெளிவரும். பொது விண்ணப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் இதைக் காணாமலே விட்டுவிடுவார். நல்ல பெறுபேறு இருந்தும் விரும்பிய கற்கைநெறிக்குக் கதவு மூடப்படுவது இப்படித்தான்.

மூன்றாவது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் திகதி. ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் அனுமதிக் கைநூல் ஒன்றை வெளியிடுகிறது. அதைப் பிள்ளையோடு அமர்ந்து நீங்களும் வாசியுங்கள். கற்கைநெறிகளை எந்த ஒழுங்கில் விரும்புகிறோம் என்று நிரப்பும் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. அந்த ஒழுங்கு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். பிள்ளை எந்த மாவட்டத்தின் கீழ் தெரிவு செய்யப்படுவார் என்பதற்கு, எந்தெந்தப் பாடசாலைகளில் எந்தெந்த ஆண்டுகளில் கற்றார் என்ற விபரமும் முக்கியமானது. பாடசாலை மாறிப் படித்த பிள்ளையாக இருந்தால் அந்த ஆவணங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கடைசி நாளில் அதிபரைத் தேடி ஓட வேண்டாம். விண்ணப்பம் இணையத்தின் வழியாக நிரப்பப்படுவதால், கடைசி இரவிலே இணைப்புக் கிடைக்காமல் தவிப்பவர்களும் உண்டு.

வெட்டுப்புள்ளி வெளியாகித் தெரிவு செய்யப்பட்டவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. குறித்த நாட்களுக்குள் பதிவுக் கட்டணத்தைச் செலுத்தி, "இந்த இடத்தை ஏற்றுக்கொள்கிறேன்" என்று உறுதிப்படுத்த வேண்டும். அந்த நாளுக்குள் பதியாதவரின் இடம் வெற்றிடமாகக் கருதப்பட்டு அடுத்த நிலையில் உள்ளவருக்குப் போய்விடும். "மறுமுறை பரீட்சை எழுதுவதா, இதை ஏற்பதா?" என்று குடும்பம் யோசித்துக்கொண்டிருக்கையில் நாள் கடந்துவிடக் கூடாது. ஓரிடத்தைப் பதிந்துவிட்டால் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பதற்கு என்ன தடைகள் உண்டு என்பதையும் கைநூலில் பார்த்தே முடிவெடுங்கள்.

முதல் சில வாரங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்ததும் பதிவு நாள், விடுதிக்கு விண்ணப்பிக்கும் நாள், அறிமுகப் பயிற்சி தொடங்கும் நாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விரிவுரைக் கட்டணம் கிடையாது. ஆயினும் சாப்பாடு, பஸ், போட்டோக் கொப்பி, கணினி என்று செலவுகள் உண்டு. இதற்கு உதவுவதற்காகவே மகாபொல புலமைப்பரிசிலும், அது கிடைக்காத வசதி குறைந்த மாணவருக்குப் பல்கலைக்கழக உதவிப்பணமும் இருக்கின்றன. இவற்றுக்குக் குடும்ப வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதங்கள் தேவை. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கையொப்பம் பெறுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். இந்த வேலையைப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள். நூறு மைல் தூரத்திலிருந்து பிள்ளை இதற்காக ஊருக்கு வந்தால் அங்கே விரிவுரை தவறும். ஊரிலிருக்கும் வாப்பாவோ உம்மாவோ செய்யக்கூடிய காரியம் இது.

அறிமுகப் பயிற்சியை விளையாட்டாக எண்ணிப் பிந்தி அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். நூலகத்தைப் பயன்படுத்தும் முறை, பாடங்களைத் தெரிவு செய்யும் முறை, பரீட்சை விதிகள் ஆகியவை அங்கேதான் விளக்கப்படுகின்றன. தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு ஆங்கில வகுப்பும் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். பல பீடங்களில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடப்பதால் அந்த வகுப்பின் ஒவ்வொரு நாளும் பெறுமதியானது.

பகிடிவதை பற்றிய அச்சம் பெற்றோருக்கு இருப்பது இயல்பு. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றமாகும். முதல் வாரங்களில் பிள்ளையோடு தினமும் பேசுங்கள். குரலிலே மாற்றம் தெரிந்தால் விடாமல் விசாரியுங்கள். முறையிட வேண்டியவர்கள் யார், அவர்களின் தொலைபேசி இலக்கம் என்ன என்பதைப் பதிவு நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாடத் தெரிவுக்கும் ஒரு கடைசித் திகதி உண்டு. எடுத்த பாடம் பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்வதற்குச் சில நாட்களே அவகாசம் தரப்படும். பல கலைப் பீடங்களில் முதலாம் ஆண்டுப் பெறுபேற்றைக் கொண்டே சிறப்புப் பட்டத்துக்கு மாணவர் தெரிவு செய்யப்படுகின்றனர். "முதல் வருடம் தானே, மெல்லப் படிக்கலாம்" என்று இருந்துவிட்ட பிள்ளைக்கு இரண்டாம் வருடத்தில் விரும்பிய துறை கிடைக்காமற் போகலாம்.

பதினைந்து வாரக் கணக்கு

இனி, ஒவ்வொரு பெற்றோரும் மனதிலே பதித்துக்கொள்ள வேண்டிய ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு செமஸ்டரில் விரிவுரைகள் நடப்பது பொதுவாக 15 வாரங்கள். பெரும்பாலான பீடங்களில் 80 சதவீத வரவு இருந்தால்தான் பரீட்சை எழுத அனுமதி கிடைக்கும். வாரத்துக்கு ஒரு தடவை நடக்கும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 விரிவுரைகள். அதிலே 80 சதவீதம் 12. அப்படியானால் தவறவிடக்கூடியவை மூன்றே மூன்று.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ராத்தாவின் கலியாணம் வருகிறது. மருதாணி, நிக்காஹ், வலீமா என்று ஒரு வாரம் பிள்ளை ஊரில் நிற்கிறது. ஒன்று போயிற்று. உம்மும்மாவுக்குச் சுகமில்லை, பார்க்க வரச் சொல்லி அழைப்பு. இரண்டு போயிற்று. விடுதியிலே காய்ச்சல் வந்து படுத்துக்கொள்கிறது. மூன்றும் போயிற்று. இனி ஒரு நாள் மழை வெள்ளத்தில் பஸ் ஓடாவிட்டாலும் அந்தப் பாடத்தில் பரீட்சை எழுதும் தகுதி கேள்விக்குரியதாகிவிடும். ஒரு கலியாணத்துக்கு ஒரு வாரம் என்பது நமக்குச் சிறிய விடயமாகத் தோன்றும். பிள்ளையின் கணக்கிலோ அது முழு அவகாசத்தில் மூன்றில் ஒரு பங்கு.

உம்றாப் பயணமும் அப்படியே. குடும்பத்தோடு உம்றாச் செய்வது பெரும் பாக்கியம். ஆனால் இரண்டு வாரப் பயணத்தைப் பாடசாலை விடுமுறையைப் பார்த்து ஒழுங்கு செய்யும்போது, பல்கலைக்கழகத்திலிருக்கும் மூத்த பிள்ளைக்கு அது விரிவுரைக் காலமாக இருக்கக்கூடும். பணம் கட்டுமுன்னர் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பரீட்சைக் காலம்

15 வாரங்கள் முடிந்ததும் படிப்பதற்கென ஒரு விடுமுறை தரப்படும். பிள்ளை வீட்டுக்கு வரும். பெயர் விடுமுறையென்று இருப்பதால், வீட்டு வேலைகளும் விருந்துகளும் பிள்ளைக்காகக் காத்திருக்கும். உண்மையிலே செமஸ்டரின் மிகப் பாரமான நாட்கள் இவையே. அந்த நாட்களிலே பிள்ளைக்கு ஒரு மேசையும், அமைதியான ஓர் அறையும், "மாமி வீட்டுக்கு வா" என்று இழுக்காத ஒரு குடும்பமும் வேண்டும்.

பரீட்சைக்கெனத் தனியாக விண்ணப்பிக்கும் திகதி பல பீடங்களில் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பதிவைப் புதுப்பிக்கும் திகதியும் உண்டு. புதுப்பிக்காத மாணவரின் பெயர் பரீட்சைப் பட்டியலில் வராமற் போகலாம்.

பரீட்சை நாளில் பிள்ளை நோயுற்றால் என்ன செய்வது? ஓய்வெடுத்துக் குணமான பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. மருத்துவச் சான்றிதழை விதியில் குறித்த நாட்களுக்குள் ஒப்படைத்துப் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியின் ஏற்பைப் பெற வேண்டும். அதற்கான அவகாசம் குறுகியது. எங்கோ ஒரு தனியார் மருந்தகத்தில் பின்னர் வாங்கும் துண்டுச்சீட்டு ஏற்கப்படாது போகலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டால் பிள்ளை அடுத்த முறை முதல் தடவை எழுதுபவராகவே கணிக்கப்படும். ஏற்றுக்கொள்ளப்படாவிட்டால் அது மீள எழுதும் பரீட்சையாகிவிடும். மீள எழுதும் பாடத்தில் எவ்வளவு திறமாக எழுதினாலும் சாதாரண சித்திக்கு மேல் தரம் கிடைப்பதில்லை என்பதே பல பீடங்களின் விதி. முதல் வகுப்போ இரண்டாம் வகுப்போ பெறக்கூடிய பிள்ளை, ஒரு கடிதம் ஒரு வாரம் பிந்தியதால் அதை இழக்க நேரிடும்.

நோன்பும் பெருநாளும்

நம் முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனியான தவணை அட்டவணை உண்டு. ரமழான் வந்தால் பாடசாலை மூடப்படும். முதலாம் வகுப்பிலிருந்து இந்த ஒழுங்கில் வளர்ந்த பிள்ளை, பல்கலைக்கழகத்திலே முதன்முறையாக நோன்பு நோற்றுக்கொண்டு விரிவுரைக்குப் போகிறது. பல்கலைக்கழகத்தில் ரமழான் விடுமுறை என்று ஒன்று பொதுவாக இல்லை. பெருநாள் தினம் மட்டுமே அரசாங்க விடுமுறை.

சந்திர ஆண்டு 354 நாட்கள் கொண்டது. ஆகவே ரமழான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே வந்துகொண்டிருக்கும். 2026 இல் பெப்ரவரி மாதத்தில் தொடங்கிய ரமழான், 2030 ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் கடைசியில் மறுமுறையும் தொடங்கும். நான்கு வருடப் படிப்பிலே நோன்பு ஏறத்தாழ ஒன்றரை மாதம் நகர்ந்துவிடும். ஒரு வருடம் விரிவுரைக் காலத்தில் வந்த நோன்பு, இன்னொரு வருடம் பரீட்சைக் காலத்தில் வரலாம். பீடத்தின் கால அட்டவணை வெளியானவுடன் அதை ஹிஜ்ரிக் கலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தெரிந்துகொண்டால் வழியும் பிறக்கும். பல பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மஜ்லிஸ் இயங்குகிறது. ஸஹருக்கும் இப்தாருக்கும் ஒழுங்கு செய்வதிலே அவை உதவுகின்றன. பரீட்சை பெருநாளுக்கு மறுநாள் குறிக்கப்பட்டிருந்தால், அதைப் பற்றிப் பீடத்தோடு பேசுவதற்கும் மஜ்லிஸே பொருத்தமானது. கலண்டரில் அச்சிட்ட பெருநாள் திகதி ஒரு மதிப்பீடே. கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை தீர்மானமான பின்னர்தான் அது உறுதியாகும். 29 இல் பிறை தென்படாவிட்டால் பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போகும். புத்தளத்துப் பிள்ளை ஒலுவிலிலும், அக்கரைப்பற்றுப் பிள்ளை மாத்தறையிலும் படிக்கும் காலமிது. ஒரு நாள் தள்ளினால் பயணம் முழுவதும் தள்ளும். பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னர் மரியாதையோடு எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதத்துக்கு உள்ள மதிப்பு, முதல் நாள் இரவு செய்யும் முறைப்பாட்டுக்கு இல்லை.

பெண்பிள்ளைகளும் கலியாணத் திகதியும்

இது சற்று மனம் திறந்து பேச வேண்டிய விடயம். இன்று நம் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் பல்கலைக்கழகம் செல்கின்றனர். நல்ல வரன் வந்தால் படிப்பு முடியுமுன்பே கலியாணம் பேசப்படுவதும் நடக்கிறது. அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. படித்துக்கொண்டே குடும்பமும் நடத்திப் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் திகதி குறிக்கும்போது பெரியவர்கள் மண்டபம் கிடைக்கும் நாளைப் பார்க்கிறார்கள், மாப்பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து லீவு கிடைக்கும் நாளைப் பார்க்கிறார்கள், நோன்புக்கு முன்னா பின்னா என்று பார்க்கிறார்கள். மணப்பெண்ணின் பரீட்சை நாளை மட்டும் பார்ப்பதில்லை. பெண்ணும் வெட்கத்தினாலும் மரியாதையினாலும் வாய் திறப்பதில்லை. இரண்டு வாரம் முன்னே பின்னே வைத்திருந்தால் ஒரு பாதகமும் நேர்ந்திராது. வைக்காததினால் ஒரு செமஸ்டர் முழுவதும் போய்விடுகிறது. அதன்பின் "இனி எதற்குப் படிப்பு?" என்ற பேச்சு எழுவதற்கும் அதிக நாள் எடுப்பதில்லை.

பெண் வீட்டார் இதைக் கேட்பது மாப்பிள்ளை வீட்டாருக்கு அவமரியாதை ஆகாது. சொல்லப்போனால் மாப்பிள்ளை வீட்டாரே முதலில் கேட்க வேண்டும்: "மகளுக்குப் பரீட்சை எப்போது?" என்று. அந்த ஒரு கேள்வியிலே அந்த வீட்டின் பண்பு தெரிந்துவிடும்.

பிரசவம், நீண்ட நோய் போன்ற காரணங்களால் படிப்பைச் சில காலம் ஒத்திவைக்க வேண்டி வந்தால், பீடாதிபதிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து அனுமதி பெறுவதே முறை. அனுமதியோடு விலகி நிற்பவர் திரும்பி வரலாம். ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டவருக்குத் திரும்பும் வழி குறுகிவிடும். பட்டத்தை முடிப்பதற்கு உச்ச கால எல்லை ஒன்றும் உண்டென்பதை மறவாதீர்கள்.

திகதிகள் மாறும்போது

இவ்வளவும் சொன்ன பின், நம் நாட்டிலே பல்கலைக்கழகத் திகதிகள் கல்லிலே செதுக்கியவை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1987 முதல் 1989 வரையான கலவர காலத்தில் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக்கிடந்தன. போர்ச் சூழலில் கிழக்கின் முஸ்லிம் மாணவர்கள் தம் கல்வியைத் தொடர முடியாது தவித்த நிலையிலே, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, 1996 இல் பல்கலைக்கழகமாகியது. ஒலுவில் வளாகம் தோன்றியதே தடைப்பட்ட ஒரு கல்வியாண்டின் கதையிலிருந்துதான். பின்னர் 2012 இல் விரிவுரையாளர்களின் வேலைநிறுத்தம், 2020 இல் கொரோனா, 2022 இல் எரிபொருள் நெருக்கடி, 2024 இல் கல்விசாரா ஊழியர்களின் இரண்டு மாதத்துக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தம் என்று தடைகள் தொடர்ந்தன.

இத்தகைய காலங்களில் பிள்ளை வீட்டிலே இருக்கும். "எப்போது முடியும் இந்தப் படிப்பு?" என்று அடிக்கடி கேட்டு அதன் மனதை நோகடிக்காதீர்கள். பிந்தியது பிள்ளையின் குற்றமல்ல. அதே வேளை, கிடைத்த ஓய்வைப் பார்த்து நீண்ட கால வேலையொன்றில் சேர்த்துவிடவும் வேண்டாம். மூடிய பல்கலைக்கழகம் குறுகிய அறிவித்தலிலே திறக்கப்படுவதுண்டு. திறந்த முதல் வாரத்திலேயே புதிய பரீட்சை அட்டவணை வந்துவிடும்.

பட்டம் பெறும் நாள்

பட்டமளிப்பு விழாவைத்தான் நாம் பட்டம் பெறும் நாளென்று எண்ணுகிறோம். கறுப்பு மேலாடை அணிந்து பிள்ளை மேடையேறும்போது உம்மாவின் கண்ணிலே நீர் நிறையும். ஆனால் பட்டம் நடைமுறைக்கு வரும் திகதி அதற்கு முந்தியதாக இருக்கும். சான்றிதழிலே அந்தத் திகதி குறிக்கப்படும். அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இன்ன திகதிக்குள் பட்டம் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று வர்த்தமானியில் கேட்கப்படுவது இதைத்தான். ஆகவே இறுதிப் பெறுபேறு வந்ததும் விழாவுக்காகக் காத்திராமல், பெறுபேற்றுப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். விழாவில் பங்குபற்றுவதற்கும் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் ஒன்று உண்டு.

நாம் செய்யக்கூடியவை

பிள்ளையின் பீடம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கால அட்டவணை ஒன்றை வெளியிடும். அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். விரிவுரை தொடங்கும் நாள், பரீட்சை விண்ணப்பத்தின் கடைசி நாள், படிப்பு விடுமுறை, பரீட்சை முதல் நாள், கடைசி நாள் ஆகிய ஐந்தையும் சிவப்பு மையால் குறியுங்கள். குடும்ப விசேடங்களுக்கு நாள் பார்க்கும்போது அந்தச் சிவப்பு நாட்களைத் தவிருங்கள். எழுத வாசிக்கத் தெரியாத உம்மாவாக இருந்தாலும் சிவப்பு நாளைக் காட்டி, "இன்று மகனுக்குப் பரீட்சை" என்று துஆக் கேட்க முடியுமல்லவா?

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945 இலேயே முஸ்லிம் மாணவருக்கென ஒரு புலமைப்பரிசில் நிதியத்தை நிறுவினார்கள். அந்த முன்மாதிரி நம் கண்முன்னே இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வெளிவரும் வாரத்தில் ஜும்ஆவுக்குப் பின்னர் விண்ணப்பத் திகதிகளை அறிவிப்பதற்குப் பணம் தேவையில்லை. ஊரிலே பல்கலைக்கழகம் சென்ற இரண்டு மூன்று பேரை அமர்த்தி, விண்ணப்பம் நிரப்ப உதவுவதற்கும் பெரிய செலவில்லை. பதிவு நாளிலே கையில் காசில்லாமல் நிற்கும் ஒரு பிள்ளைக்குப் பயணச் செலவும் முதல் மாதச் சாப்பாட்டுச் செலவும் கொடுத்து உதவினால், அதன் நன்மை ஒரு குடும்பத்தோடு நின்றுவிடாது.

பல்கலைக்கழகம் செல்லும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டாருக்கு இந்தத் திகதிகளைச் சொல்வது உங்கள் பொறுப்பு. சொல்லாமல் இருந்துவிட்டு, "வீட்டில் யாரும் விளங்கிக்கொள்கிறார்கள் இல்லை" என்று கவலைப்படாதீர்கள். செமஸ்டர் தொடங்கும் நாளிலேயே தொலைபேசியில் அழைத்து, "வாப்பா, எனக்கு இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை பரீட்சை" என்று சொல்லுங்கள். அதை எழுதிக்கொள்ளாத வாப்பா இந்த நாட்டில் இருக்க மாட்டார்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் காலத்திலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. ஆமீன்.